இரண்டு ரா

மொச்சை உரிக்கும்போது லேப்டாப்பைப் பார்ப்பதில்லை என்று பூங்கோதை தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையின் அந்தக் கோடியில் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு மேலே போயின. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது முடிகிறபோதுதான் முடியும். காயை நகத்தால் கீறி, கட்டைவிரலால் விதையைத் தள்ளி, தோலைப் பேப்பரில் போட்டு, அடுத்த காயை எடுத்து, இந்தக் காயில் புழு, அதைத் தனியாக வைத்து, மறுபடி திரையைப் பார்த்துவிட்டாள். இன்னும் பாதிகூட ஆகவில்லை. சனிக்கிழமை மத்தியானம், மேடவாக்கத்து வீட்டின் மூன்றாவது மாடி, வெயில் பால்கனி வழியாக உள்ளே வந்து மேசைக் காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. பால்கனியில் மாமனார் ஞானமுத்து பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்து உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் ரசல் தூங்குகிறான், இல்லையென்றால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் உண்மையிலேயே தூங்குகிறானா என்பது மூச்சை வைத்தே அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு எழுந்து போய் வாசற்படியில் நின்று கேட்க வேண்டும். அப்படி நிற்கும்போது அவன் கண்ணைத் திறந்துவிட்டால் என்ன சொல்வது? மொச்சைக்குத் தேங்காய் அரைக்கவா என்று கேட்கலாம். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சாவி எங்கே, தண்ணி கேன் வந்துச்சா, கரண்ட் பில். அதற்கு மேல் போவதில்லை, கோபமாகக்கூட இல்லை, கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

இதற்கெல்லாம் காரணம் இரண்டே எழுத்து. வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் அக்காவிடம் நேற்று போனில் சொல்லப் பார்த்தாள், பாதியிலேயே அக்கா, சரி சரி, ஆபீஸ் பிரச்சினையை ஆபீஸோட விட்டுட்டு வா என்று சொல்லி மாட்டு டாக்டர் வந்த கதைக்குப் போய்விட்டாள். எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? அவளும் ரசலும் வேலை பார்க்கிற ஆபீஸில் செய்கிற, காது கேட்காதவர்களுக்கான கருவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்புக்குள், கணக்குப் போடும்போது எண்ணைக் கையில் பிடித்து வைத்துக்கொள்வதற்காக, ஒரு கைப்பிடி அளவு அறைகள் இருக்கின்றன, ரிஜிஸ்டர் என்பார்கள். சிப்பைச் செய்தவர்கள் அந்த அறைகளுக்கு வெறும் நம்பர் போட்டு விட்டுவிட்டார்கள். நம்பரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது, ஆளாளுக்குச் செல்லப் பேர் வைத்துக்கொண்டார்கள். பூங்கோதை சிமுலேட்டர் எழுதுகிறவள், அதாவது நிஜச் சிப் கையில் இல்லாமலே கம்ப்யூட்டருக்குள் அதே மாதிரி ஒரு பொய்ச் சிப்பை ஓட்டிப் பார்க்கிற வேலை. ரசல் டீபக்கர் எழுதுகிறவன், அவனுடையது நிஜச் சிப்பின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிற வேலை. அவள் முதல் அறைக்கு ஆர், ஏ என்று இரண்டு எழுத்தில் பேர் வைத்திருந்தாள். வாயால் சொல்லும்போது எல்லாரும் ரா என்பார்கள். அவனும் ரா என்று ஒரு பேர் வைத்திருந்தான், ஆனால் முதல் அறைக்கு இல்லை, கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்கு, ஒரு வேலையை முடித்தபின் சிப் எந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிற அறைக்கு, ரிட்டர்ன் அட்ரஸ் என்பதன் சுருக்கமாக. ஒரே அறைக்கு இரண்டு பேர் இருந்தால் தொல்லைதான், ஆனால் எப்படியாவது சமாளிக்கலாம். இரண்டு அறைக்கு ஒரே பேர் இருந்தால் சமாளிக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது. ரா இங்கே ஒன்று காட்டுகிறது, அங்கே வேறொன்று காட்டுகிறது, அப்படியானால் ரா கெட்டுப்போகிறது, பிடி அதை என்று மொத்தக் குழுவும் இரண்டு வாரமாக அதன் பின்னால் ஓடியது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நல்லபடியாக இருக்கிற இரண்டு அறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தது இவள்தான். கண்டுபிடித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்போடுதான் வியாழக்கிழமை மீட்டிங்குக்குள் போனாள். அது தப்பு. சிரித்துக்கொண்டே சொன்னது அவனுக்குக் குத்திக்காட்டுகிற மாதிரி இருந்திருக்கும். இல்லை, அவனுக்கு அவ்வளவு தொட்டாற்சிணுங்கி மனசு இல்லை. இல்லையா? அவனுக்கு இல்லாமல் பின்னே யாருக்கு.

யாராவது ஒருத்தர் பேரை மாற்ற வேண்டும், அவ்வளவுதானே, என்றார் மேனேஜர். நான் எதுக்கு மாத்தணும் என்று இவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. டீபக்கரில் மாற்றினால் நல்லது என்று இவள் சொன்னாள். டீபக்கரை வெளியே கம்பெனிகளுக்குக் கொடுத்தாயிற்று, அவர்கள் அதை வைத்து எவ்வளவோ எழுதியிருப்பார்கள், எப்படி மாற்றுவது என்று அவன் சொன்னான். நியாயமான பேச்சுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், எல்லாரையும் பார்த்து, உன் சிமுலேட்டர்ல இருக்கற ரா யாருக்குத் தெரியும், உன்னைத் தவிர அந்தப் பேரு யாருக்கும் தேவையில்லை, என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அப்புறம் தண்ணி குடிக்கப் போனவள் கூலருக்கு முன்னால் டம்ளரை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். உன்னைத் தவிர யாருக்கும் தேவையில்லை. இந்தக் காயில் ஒரே ஒரு விதை, எவ்வளவு பெரிய காய், உள்ளே ஒன்றே ஒன்று. அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருந்தால்தானே. சிமுலேட்டரை அவள் எழுத ஆரம்பித்தது அவர்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம். அப்போது ரசல் என்றால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சாப்பிடுகிற ஒரு நாகர்கோவில்காரன், பேசினால் பாதி புரியாது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கும், அவ்வளவுதான். முதல் அறைக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. ஏ, பி, சி என்று வைக்கலாம் என்று நினைத்தாள். ரிஜிஸ்டர் ஏ, ஆர் ஏ. தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபோதுதான் யூ போடாமல் ஏ போட்டே அவன் எழுதுகிற பேரின் முதல் இரண்டு எழுத்தும் அதுவாகவே இருப்பது கண்ணில் பட்டது. அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தாலும் முகம் சூடாகிவிட்டது, எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எல்லாக் கணக்கும் அந்த அறை வழியாகத்தான் போய்வரும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் திரையில் முதல் வரியாக அதுதான் வரும். வேறு யாருக்கும் அது ரிஜிஸ்டர் ஏ. இத்தனை வருஷத்தில் அவனிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லக் கூச்சம், கல்யாணத்துக்குப் பின்னால் சொல்ல என்ன இருக்கிறது, அப்புறம் மறந்தே போனாள், அது வெறும் ரா ஆகிவிட்டது, உப்பு ஜாடி மாதிரி. அவன் சொன்ன பிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது. அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளே மனசு நோகாமல் மாற்றியிருப்பாள்.

பேர்க் குழப்பம் அந்த வீட்டுக்குப் புதிது ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் நாகர்கோவிலுக்குப் போயிருந்தபோது, அத்தை உயிரோடு இருந்தார்கள் அப்போது, பாயசத்துக்குச் சர்க்கரை எடுத்துப் போடு மக்களே என்று சொல்லிவிட்டு வாசலுக்கு யாரோ வந்தார்கள் என்று போய்விட்டார்கள். கோபியில் சர்க்கரை என்றால் வெள்ளையாக இருப்பது, டீக்குப் போடுவது. பூங்கோதை அதைத் தேடி எடுத்து அள்ளிப் போட்டாள். அங்கே அதற்குப் பேர் சீனி. சர்க்கரை என்றால் வெல்லம் என்று யார் சொன்னார்கள் அவளிடம்? பருப்புப் பாயசம் நிறமே இல்லாமல் அசட்டுத்தனமாக வந்து நின்றது. அத்தை பானைக்குள் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றார்கள். வீடு நிறைய விருந்தாளிகள். புது மருமகள் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மாமனார் வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். டம்ளரை மறுபடி நீட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லாரும் குடித்தார்கள். அன்றைக்கு ராத்திரி ரசல் அவளுக்கு ஒரு வீட்டுச் சாமான் விடாமல் பேர் சொல்லிக் கொடுக்க, அவள் கோபிப் பேரைச் சொல்லச் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரசல் எப்போதும் அப்படித்தான். வியாழக்கிழமை பேசினானே, அவன் ரசல் இல்லை, மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற யாரோ.

மாமனாருக்குக் காது போக ஆரம்பித்தது அத்தை போன பிறகுதான். அதற்கு முன்னாலேயே போய்க்கொண்டு இருந்திருக்கும், அத்தை கூடவே இருந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே கூட்டிக்கொண்டு வந்த பிறகு அவர் எதற்கும் தலையாட்டுவார். சாப்பிட்டீங்களா மாமா, தலையாட்டல். மழை வருதா மாமா, அதற்கும் அதே தலையாட்டல். அவர்களுடைய கருவியைச் சோதனைக்குப் போட்டுக்கொள்ள ஆள் கேட்டபோது ரசல்தான் அப்பா பேரைக் கொடுத்தான். போட்ட முதல் நாள் குக்கர் விசில் கேட்டு அவர் துள்ளி எழுந்ததும், பிறகு வீட்டில் ஃபேன் எல்லாம் சத்தம் போடுமா என்று கேட்டதும், ரசல் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கருவி நடுநடுவே ஒரு கணம் செத்துப்போகிறது. கண் சிமிட்டும் நேரம்தான், மறுபடி வந்துவிடும். குழு இரண்டு வாரமாகத் தேடியது இதன் காரணத்தைத்தான். மற்ற சோதனை ஆட்கள் உடனே போன் பண்ணித் திட்டினார்கள். இவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கியத்தின் நடுவில் அவர் முகம் லேசாக மாறும், பிறகு தலையாட்டுவார், அதை வைத்துத்தான் பூங்கோதை தெரிந்துகொண்டாள். போன வாரம் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கீழே பார்த்தாள், கீரைக் கட்டோடு அவர் தெருவைக் கடக்கிறார், பின்பக்கமாகத் தண்ணி லாரி வந்துகொண்டிருக்கிறது, பீப் பீப் என்று அது கத்துவது மூன்றாவது மாடிக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கிறதா? அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டேயிருக்கிறார். மாமா என்று கத்தினாள், கத்தினால் கேட்கவா போகிறது? பிறகு நின்றார். லாரி போனது. கருவியில் சத்தம் கேட்டு நின்றாரா, தற்செயலாகக் கீரையைக் கை மாற்ற நின்றாரா? கேட்கவில்லை அவள். கேட்டால் தலையாட்டுவார். அன்றைக்கு முதல் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த லாரி பின்பக்கமாக வந்துகொண்டேயிருக்கிறது, அவர் நடந்துகொண்டேயிருக்கிறார், கிளிப்பைக் கடித்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். இந்த நினைப்பு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது. அந்த லாரிக்கு முன்னால் யார் பேர் நிலைத்தால் என்ன, யார் பேர் போனால் என்ன?

அதனால்தான் காலையில் எழுந்து காப்பிகூடப் போடாமல் உட்கார்ந்து அதைச் செய்தாள். ஒரே ஒரு ஃபைல், எல்லா அறைக்கும் அதில் ஒரே ஒரு பேர். சிமுலேட்டரும் டீபக்கரும், இனி யார் என்ன கருவி எழுதினாலும் அதுவும், அங்கே போய்த்தான் பேர் கேட்டுக்கொள்ள வேண்டும், சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ரசலின் பேர்களை அப்படியே எடுத்துக்கொண்டாள், அவன் சொன்னது நியாயம், வெளியே கொடுத்தாயிற்று. தன்னுடைய ராவை அழித்துவிட்டு ஏசிசி என்று போட்டாள், கணக்கு சேருமிடம் என்று அர்த்தம், யாரும் குறை சொல்ல முடியாத பேர். அழிக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு அழித்தாள். ஒப்பிட்டுப் பார்க்கிற ஸ்கிரிப்டையும் திருத்தினாள். அது முதல் வித்தியாசத்தைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடும், எப்போதும் பட்டியலின் முதல் வரியில் இருந்த ராவில் போய் நின்றுகொண்டதால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருமே பார்த்ததில்லை. மாமனாரின் கருவி செத்துப்போன கணத்தில் அதற்குள் இருந்த எண்கள் எல்லாம் பதிவாகி இருக்கின்றன. அதே கணத்தைச் சிமுலேட்டரில் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இப்போது லேப்டாப்பில் ஓடுகிறது. கிண்ணம் நிறைந்துவிட்டது. கையில் பச்சை வாசனை. திரை நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். ஏசிசி, இரண்டு பக்கமும் ஒன்று. அடுத்தது ஒன்று. அடுத்தது ஒன்று. ரசலின் ரா, இரண்டு பக்கமும் ஒன்று, சமர்த்தாக. நடுவில் ஒரே ஒரு அறை மட்டும் சிவப்பில் நின்றது. அது சத்தத்தைக் காதுக்கு எவ்வளவு பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும் என்ற எண் இருக்கிற அறை. சிமுலேட்டரில் சரியான எண், நிஜக் கருவியில் அது பூஜ்யம். எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் சத்தம் எங்கிருந்து வரும்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றுப்புறத்தில் எவ்வளவு இரைச்சல் என்று அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒரு குட்டி வேலை நிஜக் கருவியில் உண்டு, சிமுலேட்டரில் இல்லை. அது போகும்போது இந்த அறையை வாங்கி உபயோகித்துவிட்டு, பழைய எண்ணைத் திருப்பி வைக்காமல் வந்துவிடுகிறது. எப்போதும் இல்லை, இரைச்சல் திடீரென்று கூடும்போது மட்டும். லாரி கிட்டே வரும்போது. ஒரு வரி, திருப்பி வைக்கிற ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

"கிடைச்சிருச்சா?"

ரசல் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தலைமுடி ஒரு பக்கம் படிந்து, கன்னத்தில் தலையணைக் கோடு. தூங்கித்தான் இருக்கிறான். அவள் சிவப்பு வரியைக் காட்டினாள். அவன் குனிந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, படித்தான். எங்கே திருப்பி வைக்கவில்லை என்று அவள் சொல்வதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது, மூச்சை இழுத்து விட்டான். பிறகு கண் மேலே போனது, முதல் வரிக்கு.

"உன்னோடத மாத்திட்டியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். திங்கட்கிழமை என்னுடையதை மாற்றிவிட்டு அந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் மெயில் போடலாம் என்றிருந்தேன், என்ன எழுதுவது என்று ரெண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்றான். இனி வேண்டாம் என்றாள் அவள். அவன் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து ஒரு மொச்சையை எடுத்து உருட்டினான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மொச்சையிடம் சொன்னான். யாருக்கும் தேவையில்லை என்று சொன்னது தப்பு, நீ ஆரம்பத்திலிருந்து வைத்திருந்த பேர்.

"ரிஜிஸ்டர் ஏ-தான, அது?" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. ஜன்னல் ஓரத்து நாற்காலி, ஆரஞ்சு மிட்டாய்த் தாள், முகம் கழுவின தண்ணீர் கழுத்தில் இறங்கினது, எல்லாம் அப்படியே வந்து நின்றது. ஆனால் அது இப்போது அவளிடம் மட்டும் இருக்கிறது, வேறு எந்தத் திரையிலும் இல்லை. கொஞ்ச நாள் தன்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஆமா," என்றாள். "ரிஜிஸ்டர் ஏ."

பால்கனிக் கதவு கிரீச்சிட்டது. ஞானமுத்து உள்ளே வந்தார். இரண்டு பேரையும் பார்த்து, கொஞ்சம் தயங்கி, சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேசை மேல் நீட்டினார். காதில் அது இல்லாததால் குரல் தேவைக்கு மேல் ஓங்கி வந்தது.

"ஏ மக்களே, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், நீங்க பாடுபட்டுச் செஞ்ச சாமானம். வியாழக்கிழமையில இருந்து இது சுத்தமா வேல செய்யல்ல. பேட்டரிய மாத்தியும் பாத்தாச்சு. தெருவுல நாய் குரைக்கது கேக்கு. குக்கர் கேக்கு. வீட்டுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசுகது மட்டும் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு."

ரசல் அவளைப் பார்த்தான். அவள் மொச்சைத் தோலைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அது போதவில்லை, உதட்டைக் கடித்தாள், அதுவும் போதவில்லை. ரசல் எழுந்து, அப்பாவின் கையிலிருந்து கருவியை எடுத்து, அவர் காதுக்குப் பின்னால் பதமாக மாட்டிவிட்டு, கொஞ்சம் காத்திருந்தான்.

"மெஷின்ல ஒரு கோளாறு இருந்ததுப்பா, இப்பத்தான் கண்டுபிடிச்சா கோதை, சரி பண்ணிருவோம்," என்றான். "நீங்க சொல்லுகது அந்தக் கோளாறு இல்ல."

"பின்ன?"

"நாங்கதானுங்க மாமா பேசிக்கல," என்றாள் பூங்கோதை.

அவர் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். இந்தத் தடவை தலையாட்டவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"அப்பம் பேசுங்க," என்றார்.